மாதச் சந்தா கேட்காத கம்பெனி

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நமது செய்தி மடலை இனி எப்படி வடிவமைப்பது என்ற பேச்சு செயற்குழுவில் வந்தது உங்களுக்குத் தெரியும். இதுவரை மெயின் ரோட்டில் இருக்கும் டிடிபி கடைக்காரர்தான் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு செய்து தருகிறார். "அஃபினிட்டி என்று ஒரு நல்ல மென்பொருள் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது, நாமே செய்துகொள்ளலாமே" என்று நம் இளைஞர்கள் சொன்னார்கள். நியாயமான யோசனைதான். ஆனால் முன்பு காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த ஒரு பொருள் ஏன் திடீரென்று இலவசமானது என்று எனக்கு ஒரு குடைச்சல். தேடிப் படித்ததைச் சொல்லத்தான் தலைவரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன்.

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் என்று ஓர் ஊர். ராபின் ஹுட் கதையில் வருகிற ஊர்தான். அங்கே 1987-இல் செரிஃப் என்ற சின்ன கம்பெனி தொடங்கியது. கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர், குவார்க் போன்றவை அப்போது பல நூறு டாலர் விலை. செரிஃப் 1990-களின் தொடக்கத்தில் பேஜ்பிளஸ் என்று ஒன்றை 100 பவுண்டுக்கும் குறைவாகக் கொடுத்தது. தேவாலயத்துச் செய்தி ஏடு, பள்ளி மலர், கிளப் அறிக்கை, சின்னக் கடை விளம்பரம் என்று நம்மைப் போன்ற ஆட்களுக்கு ஏற்ற சரக்கு. பழைய பதிப்பை இலவசமாகவே கொடுத்துப் பழக்குவார்கள். அப்புறம் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று வீட்டுக்குப் போன் செய்வார்கள். (கிரெடிட் கார்டு வேண்டுமா என்று நமக்கு மதியத் தூக்கத்தில் வருகிற போனை நினைத்துக்கொள்ளுங்கள்.) அப்படியிருந்தும் ஆட்கள் விட்டுப் போகவில்லை. பதிப்புக்குப் பதிப்பு வாங்கினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வங்கிக் கவுண்ட்டரில் இருந்த காலத்தில், "நாற்பது வருஷமா இங்கதான் சார் கணக்கு" என்று பெருமையாகச் சொல்லும் வாடிக்கையாளர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். கேட்க சந்தோஷமாக இருக்கும். ஆனால் அதில் பல பேர் பென்ஷன் அங்கே வருகிறது, கேஸ் மானியம் அங்கே இணைத்திருக்கிறது, மாற்றினால் நாலு இடத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே இருந்தவர்கள். மாற முடியாமல் இருப்பது ஒன்று. மாற முடிந்தும் இருப்பது வேறு. பாஸ்புக்கைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

செரிஃப்பின் வாடிக்கையாளர்கள் இரண்டாவது ரகம். ஒரு தடவை காசு கொடுத்தால் அந்தப் பதிப்பு அவர்களுடையது. புதியது பிடிக்கவில்லையா, வாங்க வேண்டாம், பழையது ஓடிக்கொண்டிருக்கும். அதனால் கம்பெனி ஒவ்வொரு முறையும் தேர்தலில் நிற்கிற மாதிரி நிற்க வேண்டும். இந்தத் துறையில் பெரிய கம்பெனியான அடோபி 2013-இல் சந்தா முறைக்கு மாறியது. அதன் புதிய பதிப்புகளை மாதாமாதம் கட்டித்தான் உபயோகிக்க முடியும்; நிறுத்தினால் உங்கள் சொந்தக் கோப்பையே அதில் திறக்க முடியாது. அந்த முறையில் விரும்பி இருப்பவர் யார், மாட்டிக்கொண்டவர் யார் என்று கம்பெனிக்கே தெரியாது.

செரிஃப்பும் உத்தமம் என்று சொல்ல வரவில்லை. பேஜ்பிளஸ்ஸை 2015-இல் வந்த எக்ஸ்9 பதிப்போடு நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதி அஃபினிட்டி என்று புதிய வரிசை கொண்டுவந்தார்கள். அதன் முதல் மென்பொருள் 2014-இல் ஆப்பிள் கம்ப்யூட்டருக்கு மட்டும் வந்தது. இவ்வளவு வருடம் சோறு போட்ட விண்டோஸ்காரர்கள் 2016 வரை காத்திருந்தார்கள். பக்கம் வடிவமைக்கும் அஃபினிட்டி பப்ளிஷர் 2019-இல்தான் வந்தது. வந்ததே தவிர, பழைய பேஜ்பிளஸ் கோப்பு அதில் திறக்காது. இருபது வருட தேவாலய ஏட்டை அதில் செய்து வைத்திருந்தவர் ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆக மாற்றித்தான் கொண்டுவர வேண்டும். கோபப்பட்டார்கள். ஆனாலும் பல பேர் வாங்கினார்கள். ஏனென்றால் விலை ஏறக்குறைய 50 டாலர், சந்தா கிடையாது. 2014-இல் வாங்கியவருக்கு 2022 வரை வந்த அத்தனை மேம்பாடும் அதே காசுக்குக் கிடைத்தது. 2020-இல் கொரோனா வந்தபோது பாதி விலை ஆக்கினார்கள், 90 நாள் இலவசமாகக் கொடுத்தார்கள், ஓவியர்களுக்கு ஒரு வருடத்துக்கு ஒதுக்கிய வேலையை மூன்று மாதத்திலேயே நூறு பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

பி.காம். படித்தவர்களுக்கு குட்வில் ஞாபகம் இருக்கும். ஒரு வியாபாரம் தானாகச் சம்பாதித்த நல்ல பெயரைக் கணக்குப் புத்தகத்தில் சொத்தாக எழுதக் கூடாது. அதை இன்னொருவர் விலை கொடுத்து வாங்கும்போதுதான், வாங்கியவர் புத்தகத்தில் அது சொத்தாக ஏறும். 2024 மார்ச்சில் அதுதான் நடந்தது. ஆஸ்திரேலியாவின் கேன்வா கம்பெனி செரிஃப்பை வாங்கியது. சுமார் 90 ஊழியர்கள், 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளர்கள். விற்பது உரிமையாளர்களின் உரிமை, அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த 30 லட்சம் பேரின் நம்பிக்கையும் விலையில் சேர்ந்துதான் போயிருக்கும். அவர்கள் பக்கத்தில் வரவு எதுவும் கிடையாது.

வாடிக்கையாளர்கள் போட்ட சத்தத்தில், ஒருமுறை வாங்கும் உரிமம் எப்போதும் உண்டு என்று கம்பெனி உடனே எழுத்திலேயே உறுதி கொடுத்தது. 2025 அக்டோபர் இறுதியில் மூன்று மென்பொருளையும் ஒன்றாக்கி இலவசம் என்று அறிவித்தார்கள். கேன்வாவில் ஒரு கணக்கு தொடங்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கு மட்டும் கட்டணச் சந்தா. முன்பு வாங்கியவர்கள் தங்கள் பதிப்பை வைத்துக்கொள்ளலாம், ஆனால் புதிதாகக் காசு கொடுத்து வாங்க அது கடையில் இல்லை. இலவசமாகக் கிடைக்கும்போது என்ன குறை என்று கேட்பீர்கள். காசு கொடுத்தவனுக்கு, "அடுத்த தடவை வாங்க மாட்டேன்" என்று சொல்ல ஒரு வாய் இருந்தது. இனி அந்த வாய்க்கு வேலை இல்லை.

இப்போது நம் விஷயம். இரண்டாம் பதிப்பு வரை அஃபினிட்டி தமிழ் எழுத்தைச் சரியாகக் கோர்க்கவில்லை, கொம்பு இடம் மாறி நிற்கும். புதியதில் நம் மடலின் நாலு பக்கத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் டிடிபி கடைக்காரர் இன்றும் பேஜ்மேக்கர் 7-இல்தான் செய்கிறார். அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001-இல். அவர் அடிக்கும் எழுத்துரு பழைய முறை. அந்தக் கோப்பிலிருந்து எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஏதோ பூச்சி ஊர்ந்த மாதிரி வரும். நாம் பதினொரு வருடமாக அவரிடமே இருப்பது அவர் வேலை பிடித்துத்தானா, பழைய இதழெல்லாம் அவர் கம்ப்யூட்டரில் மாட்டியிருப்பதாலா? என் கணக்குப்படி முக்கால்வாசி முதல் காரணம்தான். கொரோனா சமயத்தில் ஆறு மாதப் பாக்கியை ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தவர் அவர். மீதிக் கால்வாசியைச் சரி செய்துகொள்ளலாம்.

ஆகவே என் தீர்மானம்: அவரிடமே தொடர்வோம். இதுவரை வந்த 44 இதழையும் பிடிஎஃப் ஆகவும், செய்திகளை யூனிகோடு எழுத்திலும் மாற்றி நம் சங்கத்துக்கு ஒரு பிரதி தர வேண்டும். அந்த வேலைக்குத் தனியாகக் கூலி கொடுப்போம். இனி ஒவ்வொரு இதழுக்கும் இதே ஏற்பாடு. பக்கத்துக்கு 120 ரூபாய் என்பது ஐந்து வருடத்துக்கு முன் பேசியது, அதையும் 150 ஆக்கலாம். நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக வருகிறது. பொருளாளர் முகம் சுளிப்பது தெரிகிறது. கடைக்காரரும் வந்திருக்கிறார், பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சந்தேகம் இருந்தால் அவரையே கேட்டுவிடுங்கள்.