நேர்வழியும் குறுக்குவழியும்



கப்பற் பயணம் பற்றிய ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கையில் ஒரு சொல்லில் இடறி நின்றேன். திசைகாட்டியின் கோணம் மாறாமல் கப்பல் செல்லும் பாதைக்குத் தமிழில் என்ன பெயரிடுவது? ‘நேர்வழி’ என்று எழுதி, உடனே அடித்துவிட்டேன். தேசப்படத்தில் அது நேர்கோடுதான், கடலிலோ சுற்றுவழி. முடிவில் ‘மாறாத்திசை வழி’ என்று வைத்துக்கொண்டேன்.

உலக உருண்டையின்மேல் ஸான்பிரான்ஸிஸ்கோவையும் யோகோஹாமாவையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்து இணைத்துப் பாருங்கள். இரு துறைமுகங்களும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் உள்ளவை. ஆயினும் நூல் வடக்கே ஏறி, அலூஷியன் தீவுகளுக்குச் சற்றுத் தெற்கே சென்று, பிறகே கீழிறங்கும். இதுவே பெருவட்ட வழி. உருண்டையின்மேல் இதனினும் குறுகியது இல்லை. நீளம் ஏறக்குறைய 4,470 கடல் மைல். மாறாத்திசை வழியோ 4,710. மணிக்குப் பத்துக் கடல் மைல் ஓடும் கப்பலுக்கு இந்த வேறுபாடு ஒரு முழு நாள் ஓட்டம். ஒரு நாள் எரிபொருள்.

பூமத்தியரேகையை நெருங்க நெருங்க இவ்வேறுபாடு தேய்ந்துவிடும். சென்னையிலிருந்து அந்தமான் செல்லும் கப்பலுக்கு அது ஒரு மைல்கூட இராது.

அப்படியிருந்தும் மாலுமிகள் நெடுங்காலம் நீண்ட வழியையே பற்றியிருந்தனர். பெருவட்டத்தில் செல்பவன் திசையை ஓயாமல் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். மாறாத்திசை வழிக்கோ, 1569-ல் மெர்க்கேட்டர் வெளியிட்ட படத்தின்மேல் அளவுகோல் வைத்துக் கோடிழுத்தாற் போதும். பிற்காலத்தார் இரண்டையும் இணைத்தனர்: பெருவட்டத்தில் சில புள்ளிகளைக் குறித்து, புள்ளிக்குப் புள்ளி திசை மாறாமல் செலுத்தினர்.

ஆனால், குறுகிய வழி எங்கும் உகந்ததன்று. வட அட்லாண்டிக்கில் அது நியூபவுண்ட்லாந்தை ஒட்டிய பனிக்கட்டிகளுக்கும் மூடுபனிக்கும் இடையே கொண்டுபோய் விட்டுவிடும். ஆதலால், பனிக்காலத்தில் நியூயார்க் நோக்கிய கப்பல்கள் அயர்லாந்திலிருந்து பெருவட்டத்தில் வந்து, 42 பாகை வடக்கு, 47 பாகை மேற்கு என்ற இடத்தில் திரும்பி, அப்பால் மாறாத்திசை வழியில் சென்றன. மாலுமிகள் அவ்விடத்தை ‘மூலை’ என்றே அழைத்தனர். 1912 ஏப்ரல் 14 அன்று மாலை ஆறு மணிக்குச் சற்றுமுன் டைட்டானிக் அம்மூலையில் திரும்பிற்று. வழக்கமான வழியில்தான் சென்றது. அவ்வாண்டு பனி மேலும் தெற்கே இறங்கியிருந்தது. இரவு 11-40க்குப் பனிமலையில் மோதிற்று. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர்.

அதன்பின் கப்பல் வழிகள் இன்னும் தெற்கே தள்ளப்பட்டன. 1914 முதல் பணிபுரியும் சர்வதேசப் பனிக் காவல் இன்றும் பனியின் எல்லையை அறிவித்து வருகிறது. அந்த எல்லையைச் சுற்றிச் செல்லும் கப்பல்கள், கூடுதல் மைல்களுக்கான எண்ணெயையும் கணக்கிட்டு ஏற்றிக்கொண்டே புறப்படுகின்றன.