சப்ரகமுவத் தோட்டங்களும் நடவாத தேர்தலும்

(சப்ரகமுவத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



தேர்தல் என்றதும் வெற்றியையும் தோல்வியையும் பேசுவதே மேடை வழக்கம். இன்று நாம் பேச வந்திருப்பதோ நடத்தப்படாத ஒரு தேர்தலைப் பற்றி. தோற்றவன் அடுத்த முறை வெல்லலாம். தேர்தலே இல்லாதவன் என்று வெல்வான்?

2012 செப்டெம்பர் 8ஆம் நாள் சப்ரகமுவ மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. மொத்த ஆசனங்கள் 44. ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 28 ஆசனங்களையும், ஐக்கிய தேசியக் கட்சி 14 ஆசனங்களையும் பெற்றன. எஞ்சிய இரண்டையும் சேவல் சின்னம் பெற்றது. இரத்தினபுரியில் ஒன்று, கேகாலையில் ஒன்று. கொழும்பு அரசியலில் வெவ்வேறு பக்கம் நின்ற இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும், ஜனநாயக மக்கள் முன்னணியும், மலையக மக்கள் முன்னணியும் இம்மாகாணத்தில் ஒன்றாக நின்றமையால் விளைந்த பயன் அது.

44இல் இரண்டு பெரிதா என்று கேட்போர் நம் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்கட்டும். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அந்த ஏழு தொகுதிகளும் மத்திய மாகாணத்திலும் ஊவாவிலும் இருந்தன. நுவரெலியாவைப் போல நாம் இங்கே திரண்டு வாழவில்லை. பலாங்கொடையில் சில தோட்டங்கள், இறக்குவானையில் சில, யட்டியந்தோட்டையிலும் தெரணியகலையிலும் சில. இடையிடையே சிங்களக் கிராமங்கள். தொகுதிக்கு ஒருவர் என்ற முறையில் நம் வாக்கு பிறரை வெல்ல வைத்ததேயன்றி, நம்மில் ஒருவரை அனுப்பவில்லை.

அந்த வாக்கும் நிலைத்ததா? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் நம்மவரிற் பெரும்பாலோர் வாக்கற்றவராயினர். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பின்னரே நாடற்றவர் என்ற பெயர் நீங்கியது. கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் நாட்டுக்குச் செல்வம் தேடிக் கொடுத்தவர்கள் வாக்குரிமையை மீளப் பெற நாற்பது, ஐம்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள். அதன் பின்னர் விளைந்தவையே அந்த இரண்டு ஆசனங்கள். அவற்றின் ஆயுள் ஐந்தே ஆண்டுகள்.

அது எவ்வாறு முடிந்தது என்பதைச் சட்டத்தின் வழியே நோக்குவோம். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் மாகாண சபைகளை அமைத்தது. 1988 ஏப்பிரல் 28இல் சப்ரகமுவ முதன்முதலாக வாக்களித்தது. மாவட்டம் முழுவதும் ஒரே களம். பெற்ற வாக்கின் விகிதப்படி ஆசனம். சிதறிக் கிடக்கும் தோட்டங்களின் வாக்கை ஒன்று கூட்டி எண்ணிய முறை இதுவே. 2017 செப்டெம்பரில், சபையின் காலம் முடியும் தறுவாயில், பாராளுமன்றம் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. பெண்களுக்கு இடம் ஒதுக்கிய அச்சட்டம், உறுப்பினரிற் பாதிப் பேரைத் தொகுதிவாரியாகத் தெரிவு செய்யவும் விதித்தது. தொகுதி வேண்டுமானால் எல்லை வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்ட் 24இல் சபைக்கு வந்தது. எதிர்த்து 139 வாக்குகள். ஆதரித்து ஒன்றேனும் இல்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை; புதிய முறைக்கு எல்லை இல்லை. பழைய முறைப்படி தேர்தலை நடத்த இயலாதென உயர் நீதிமன்றமும் 2019இல் தெரிவித்தது.

அதன் பின்னர் நாட்டில் தேர்தல்களுக்குப் பஞ்சமில்லை. 2019இலும் 2024இலும் சனாதிபதித் தேர்தல். 2020இலும் 2024இலும் பாராளுமன்றத் தேர்தல். 2025 மே 6இல் உள்ளூராட்சித் தேர்தல். மாகாண சபைக்கு மட்டும் வாக்குப் பெட்டி வரவில்லை. பணமில்லை, காலமில்லை என்ற சாக்குகளை இந்தப் பட்டியலே மறுத்துவிடுகிறது.

பிற நாடுகளையும் பார்ப்போம். அமெரிக்க மாநிலமொன்றின் ஆளுநர் தேர்தலையோ சட்டசபைத் தேர்தலையோ ஒத்திவைக்க வாஷிங்டனுக்கு அதிகாரமில்லை. உள்நாட்டுப் போர் மூண்டிருந்த 1864லும் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. ஆனால் அங்கும் எல்லைகளைக் கொண்டு அநீதி இழைத்தார்கள். அலபாமா மாநிலத்தில் 1901இல் வகுத்த பிரிவுகள் அறுபது ஆண்டுகள் மாறவில்லை. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த ஜெபர்சன் மாவட்டத்துக்கும் ஒரு செனற்றர்; சுமார் பதினையாயிரம் பேர் வாழ்ந்த லவுண்ட்ஸ் மாவட்டத்துக்கும் ஒரு செனற்றர். 1964 ஜூன் 15இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தகர்த்தது. பிரதிநிதிகள் மக்களுக்கே உரியவர், மரங்களுக்கோ நிலப்பரப்புக்கோ அல்லர் என்பது பிரதம நீதியரசர் ஏர்ல் வாரன் எழுதிய தீர்ப்பின் கருத்து. தேயிலைச் செடியையும் இறப்பர் மரத்தையும் எண்ணி, அவற்றினிடையே வாழும் மனிதரை எண்ண மறந்த நாட்டுக்கு இது நல்ல பாடம்.

"மாகாண சபை இருந்தென்ன, போயென்ன?" என்று சிலர் கேட்கின்றனர். நம் பிள்ளைகள் படிக்கும் தோட்டப் பாடசாலைகளுள் பெரும்பாலானவை மாகாணத்தின் பொறுப்பில் உள்ளவை. ஆசிரியர் நியமனம், கட்டடம், மாகாண வீதி, பல வைத்தியசாலைகள் யாவும் அங்கேயே தீர்மானமாகின்றன. சபை கலைந்ததால் இந்த அதிகாரம் அழிந்துவிடவில்லை. அது சனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கைக்குச் சென்றது. கேள்வி கேட்கும் உறுப்பினர் மட்டுமே இல்லாமற் போனார். 44 பேரில் இருவர் ஆட்சி அமைக்க முடியாது. ஆனால் கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையின் பெயரைச் சபையின் ஏட்டில் ஏற்ற முடியும்.

"2024இல் இரத்தினபுரியிலிருந்து தேசிய மக்கள் சக்தியின் சுந்தரலிங்கம் பிரதீப் பாராளுமன்றம் சென்றாரே, அது போதாதா?" என்பாரும் உளர். அதை நாம் மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம். எனினும் கேகாலைத் தோட்டத்துப் பாடசாலைக்கு அது விடையாகாது. ஒரு பெருங்கட்சியின் அலையில் கிடைக்கும் இடம், அந்த அலை வற்றும்போது என்னாகும்? உரிமை என்பது அலையை நம்பியிராமல் சட்டத்தில் வேரூன்றியிருக்க வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கை ஒன்றே. பாராளுமன்றம் ஒரு சிறு திருத்தத்தால் விகிதாசார முறையை மீட்டு, மாகாணத் தேர்தலை உடனே நடத்த வேண்டும். தொகுதி முறைதான் வருமென்றால், சிதறி வாழும் தோட்ட மக்களின் வாக்கு வீணாகாத எல்லைகளை முதலில் வகுக்கட்டும்.

கோரிக்கையோடு நம் கடமையும் உண்டு. ஒவ்வொரு லயத்திலும் பதினெட்டு வயது நிறைந்தவரின் பெயர் வாக்காளர் இடாப்பில் உண்டா என்று இவ்வாரமே பாருங்கள். இல்லையேல் கிராம அலுவலரிடம் செல்லுங்கள். அடையாள அட்டை இல்லாத முதியவரை அழைத்துச் செல்லுங்கள். 2012இல் பத்து வயதுச் சிறுமியாக இருந்தவள் இன்று இருபதைக் கடந்துவிட்டாள். மாகாணத்துக்கு ஒரு முறையேனும் அவள் வாக்களித்ததில்லை. அவளிடம் இவ்வுரிமையின் கதையைச் சொல்லுங்கள்.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. சந்தாவில் நீங்கள் போட்டியிடுங்கள். சப்ரகமுவவின் வாக்குச் சீட்டில் போட்டியிடாதீர்கள். இரண்டு பட்டியல் என்றால் இரண்டு ஆசனமும் போகும். ஒரு பட்டியல் என்ன தருமென்பதற்கு 2012 சான்று.

வாக்கை இழந்த தலைமுறை ஒன்று இம்மண்ணில் உறங்குகிறது. வாக்கிருந்தும் வாக்களிக்க நாள் குறிக்கப்படாத தலைமுறையாக நாம் இருந்துவிடலாகாது. நாளைக் குறியுங்கள் என்று கேட்போம். குறிக்கும் வரை கேட்போம்.