சிவப்பு விளக்கு எரிகிறதா?



ஆழியாற்றிலிருந்து 40 கொண்டையூசி வளைவுகள் ஏறினால் வருகிற வால்பாறையை, கடல் சூழாமல் காடு சூழ்ந்த தீவு என்றே சொல்லலாம். அந்தக் காட்டின் பூர்விகவாசிகள் யானைகள்.

தேயிலைத் தோட்டத்திலே பகலெல்லாம் உழைத்து, சந்தைக்கும் போய்விட்டு, பொழுது சாய்ந்தபின் பஸ்ஸிலிருந்து இறங்கி, இருளிலே லைன் வீட்டை நோக்கி நடக்கிற ஒரு தாய்க்கு, வழியிலே யானை நிற்கிறதென்ற சமாசாரம் முன்கூட்டித் தெரியாமற் போனதே அங்கு நேர்ந்த அநேக உயிர்ச்சேதங்களுக்குக் காரணம். அந்தச் சமாசாரம் இப்போது தெரிகிறது. இயற்கை ஆய்வாளர் ஆனந்தகுமாரும் அவர் குழுவினரும், வனத்துறையோடும் தோட்ட நிர்வாகங்களோடும் கூடி, முதலில் கேபிள் தொலைக்காட்சியிலும், 2011 முதல் கைப்பேசிக் குறுஞ்செய்தியிலும் யானைகள் நிற்குமிடத்தை அறிவிக்கலாயினர். இப்பணிக்காக 2015-இல் அவருக்கு விட்லி விருது கிடைத்தது.

இந்த ஏற்பாடுகளிலே எச்சரிக்கை விளக்குதான் எனக்கு மிகப் பிடித்தது. உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகள் இருக்கின்றன. சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் யானை வந்தால் விளக்கு எரியும். எழுத்தறியாத பாட்டிக்கும் அது விளங்கும். அதை ஒரு போன் அழைப்பினாலே எரியச் செய்பவர்கள் அந்தந்த ஊர் ஜனங்களே என்பது எவ்வளவு மேன்மையான ஏற்பாடு!

வால்பாறை நேயர்களே, குறுஞ்செய்தி தவறாமல் வந்துசேர, போன் எண்ணை மாற்றினால் புதிய எண்ணை மறவாமல் பதிந்து வையுங்கள். மலைக்கு விருந்தாளி வந்தால், முதலில் அந்த விளக்கைக் காட்டுங்கள். சிவப்பு எரிந்தால், தனியே நடக்க வேண்டாம்.