நகரம் யாரால் ஆனது?
(மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களிடம் ஒரு பேராசிரியையைப் பற்றிப் பேசுவதா என்று நம் தோழர் ஒருவர் கேட்டார். பேசத்தான் வேண்டும்.

2024 ஜனவரியில் மறைந்த ஆர். சம்பகலட்சுமி அம்மையார், தென்னாட்டு நகரங்கள் எப்படித் தோன்றின என்று ஆராய்ந்தவர். 1959 முதல் 1972 வரை சென்னைப் பல்கலைக்கழகத்திலே பாடம் சொன்னார். அதே பல்கலைக்கழகத்தில் 1929 முதல் பேராசிரியராக இருந்தவர் நீலகண்ட சாஸ்திரியார்; கல்வெட்டுகளைப் படித்துச் சோழர் வரலாறு எழுதியவர். அந்தக் கல்வெட்டுப் படிப்பை அம்மையார் விடவில்லை. கேள்வியைத்தான் மாற்றினார். சாஸ்திரியார் நூலிலே அரசனும் ஆட்சிமுறையும் முன்னே நிற்பார்கள். அம்மையாரோ, நகரத்துக்கு நெல் எங்கிருந்து வந்தது, சந்தை யார் கையில் இருந்தது, தறி நெய்தவர் யார் என்று கேட்டார். முன்னோர் வழியிலே நடந்துகொண்டே முன்னோரைக் கேள்வி கேட்பது துரோகமல்ல. அதுதான் உண்மையான சீடத்தனம் என்பேன்.

1979-ல் குடமூக்கு–பழையாறை என்ற இரட்டை நகரம் பற்றி எழுதினார். குடமூக்கு என்பது இன்றைய கும்பகோணம். 1972 முதல் 1997 வரை டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மாணவர்களை உருவாக்கினார். வணிகம், கருத்தியல், நகரமயமாதல் பற்றிய அவருடைய பெருநூல் 1996-ல் வந்தது.

நமக்கும் இதற்கும் என்ன உறவு? முசிறித் துறையிலிருந்து கொங்குநாட்டுக் கொடுமணலுக்கும் கரூருக்கும் போன பழைய வணிக வழி நம் பாலக்காட்டுக் கணவாய்தான். வாளையாறு சோதனைச் சாவடி நேற்று வந்தது. 1956 நவம்பர் வரை பாலக்காடே சென்னை மாநிலத்தில்தான் இருந்தது!

மூணாறுக்கு வாருங்கள். 1924 வெள்ளத்தில் ரயில் பாதை அடித்துப் போனதை எல்லாரும் எழுதுகிறார்கள். மலையேறி வந்து காடு வெட்டித் தேயிலை நட்ட நம் பாட்டன் பாட்டிகளின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? இது வெறும் பெருமைப் பேச்சல்ல. பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டால், 1950-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கொண்டுவா என்கிறார்கள். ஆதாரம் இல்லாமல் எத்தனை பிள்ளைகளுக்குப் படிப்புச் சலுகை போயிற்று!

சோழர் காலத்தில் தானம் கொடுத்தவன் கல்லிலே வெட்டி வைத்தான். நம் கல்வெட்டு லயத்துத் தகரப் பெட்டிக்குள் கிடக்கிறது: பழைய சம்பளச் சீட்டு, கங்காணியின் பற்றுக் கணக்கு, கல்யாணப் பத்திரிகை. கரையான் தின்னும் முன்னே எடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒரு தாளாவது கொண்டுவாருங்கள். கல்லூரியில் படிக்கும் நம் பெண்பிள்ளைகள் இருவர், தாளை வாங்கிப் பார்த்து எழுதிக்கொண்டு உங்களிடமே திருப்பித் தருவார்கள்.