அப்பாவிடம் சொன்ன பொய்

(தலைப்பு: ‘நன்மைக்காகப் பொய் சொல்லலாமா?’ - ‘கூடாது’ அணியில் பேசியது)



எதிரணி நண்பர், ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்றார். பண்ணலாம் ஐயா. கல்யாணம் ஒரு நாள்தான். அந்த ஆயிரம் பொய்யையும் வச்சுக்கிட்டு அறுபதாம் கல்யாணம் வரைக்கும் குடும்பம் நடத்தணுமே! (சிரிப்பு)

வள்ளுவரையும் துணைக்கு அழைத்தார். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மைக்குச் சமம் என்று வள்ளுவர் சொன்னது உண்மைதான். அரிவாளோட ஒருத்தன் துரத்திக்கிட்டு வந்தா, ஓடினவன் போன வழியை நானும் மாற்றித்தான் சொல்வேன். அங்கே ஏமாறுகிறவன் கொலைகாரன். ஆனா நம்ம வீடுகளில் நாம ஏமாற்றுவது யாரை? உயிராய் நேசிக்கிறவர்களை. அந்த நன்மை குற்றமில்லாததுதானா?

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். எங்க அப்பா தையல்காரர். 2008-ல் அவருக்கு வயிற்றில் புற்றுநோய், முற்றிவிட்டது என்று டாக்டர் எங்களைத் தனியாக அழைத்துச் சொன்னார். நாங்க அப்பாகிட்ட, “அல்சர்தான்ப்பா, மாத்திரை சாப்பிட்டா மூணு மாசத்துல சரியாயிடும்”னு சொன்னோம். அவரும் தலையை ஆட்டினார். அம்மா கொல்லைப்புறத்தில் போய் அழுவாங்க. நான் மொட்டை மாடியில். அப்பா முன்னாடி வந்தா ரெண்டு பேருக்கும் சிரித்த முகம்.

எனக்கும் அவருக்கும் ஒரு பழைய மனத்தாங்கல். ‘தையல் மெஷின்ல உட்கார்றது எனக்குக் கௌரவக் குறைச்சல்’னு ஒரு நாள் அவர் முகத்துக்கு நேரா சொல்லிட்டேன். மன்னிப்புக் கேட்கணும்னு தினமும் நினைப்பேன். ஆனா திடீர்னு கேட்டா, ‘ஏன்டா இப்போ?’ன்னு சந்தேகப்படுவாரே! பொய் உடைஞ்சிடுமே! வாயை மூடிக்கிட்டேன். நாலாவது மாசம் அப்பா போய்ட்டார்.

காரியம் முடிஞ்சு மெஷின் டிராயரைத் திறந்தேன். ஒரு நோட்டு. எந்தத் துணி யாருடையது, யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் திருப்பித் தரணும், எல்லாம் அவர் கையெழுத்தில். முதல் பக்கத்துத் தேதி, நாங்க அல்சர்னு சொன்னதுக்கு மறுநாள்!

அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. நாங்க பயந்துடக்கூடாதுன்னு அவரும் நடிச்சிருக்கார். ஒரே வீட்டில் மூணு பேரும் தனித்தனியா அழுதிருக்கோம். அந்தப் பொய்யால் அப்பாவுக்கு என்ன நன்மை? அவர் கண்ணீரைப் பார்க்கிற தைரியம் எங்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

1961-ல் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனை டாக்டர்களைக் கேட்டபோது, 100-க்குச் சுமார் 90 பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதை விரும்பவில்லை. 1979-ல் இன்னொரு மருத்துவமனையில் அதே கேள்வியைக் கேட்டபோது 97 பேர் சொல்வோம் என்றார்கள். டாக்டர்கள் மாறிட்டாங்க. நாம எப்போ மாறப்போறோம்?

உண்மையைத் தூக்கித் தலையில் போடச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடிச்சு, “டாக்டர் சொன்னதைச் சொல்லட்டுமாப்பா?”ன்னு கேளுங்க. வேண்டாம்னா விட்டுடுங்க. வேணும்னா சொல்லிட்டு, சேர்ந்து அழுங்க. கேட்க வேண்டிய மன்னிப்பை அவங்க காதில் விழுகிறபோதே கேட்டுடுங்க.

எனக்கு அந்த வாய்ப்புப் போயிடுச்சு. (கைதட்டல்)