தேங்காய்க் கணக்கும் பரீட்சைக் கணக்கும்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆசிரியத் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று போனஸைப் பற்றியோ கூலியைப் பற்றியோ பேச நான் வரவில்லை. உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்து கையெழுத்துக்கு நீட்டுகிறதே ஒரு காகிதம், அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ராங்க் கார்டு!

ராத்திரி ஷிப்டு முடிந்து, கண் எரிய வீட்டுக்கு வந்த தகப்பன் அதைப் பார்க்கிறார். கணக்கில் 22. "மண்டையில் என்ன களிமண்ணா?" என்று பிள்ளையை ஓர் அறை விடுகிறார். பிறகு பெண்சாதியிடம் சொல்கிறார்: "நம் வம்சத்துக்கே படிப்பு ஏறாது, விடு." தோழர்களே, அந்த அறையை மன்னித்துவிடலாம். இந்த வார்த்தையை மன்னிக்க முடியாது. நம்மைப் பற்றி மேல்தட்டு காலங்காலமாகச் சொல்லிவந்த பொய்யை, இப்போது நம் வாயாலேயே, நம் பிள்ளையின் முகத்துக்கு நேரேயே சொல்ல வைத்துவிட்டார்களே!

அந்த 22 எதைக் காட்டுகிறது? பிள்ளையின் மூளையையா? வேறு எதையாவதா?

பிரேசில் நாட்டில் ரெசிஃபே என்று ஒரு துறைமுக நகரம். அங்கே ஏழை வீட்டுப் பிள்ளைகள் தெருவில் தேங்காயும் பழமும் விற்றுக் குடும்பத்துக்குக் கை கொடுப்பார்கள். அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் மூவர், 9 வயது முதல் 15 வயது வரையுள்ள ஐந்து பிள்ளைகளைச் சோதித்து, அதை 1985ல் வெளியிட்டார்கள். எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? முதலில் சாமான் வாங்க வந்தவர்களைப் போல் கடைக்கே போய் விலை கேட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனிடம், ஒரு காய் 35 குருசேரோ, நாலு காய் என்ன விலை என்று கேட்டார்கள். பையன் காகிதம் தேடவில்லை. மூன்று காய் 105. அதோடு 30 சேர்த்தால் 135. மிச்சம் ஐந்தையும் சேர்த்தால் 140 என்று சொல்லிவிட்டான்.

பிறகு அதே பையனிடம் காகிதமும் பென்சிலும் கொடுத்து, 35ஐ 4ஆல் பெருக்கு என்றார்கள். பையன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டான். நாலைந்து இருபது, மீதி 2. அந்த 2ஐ 3உடன் கூட்டினால் 5. ஐநாலு இருபது. விடை 200!

கடையில் அந்த ஐந்து பிள்ளைகளும் நூற்றுக்கு 98 கணக்குகளைச் சரியாகச் சொன்னார்கள். அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகக் காகிதத்தில் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரி. கதைக் கணக்காகக் கேட்டபோது 74. ஒரே பிள்ளைகள், ஒரே மூளை. கேட்ட விதம் மாறியது, மார்க்கும் மாறியது.

விடைத்தாளை மட்டும் பார்க்கிற வாத்தியார் என்ன செய்வார்? 200ஐச் சிவப்பு மையால் சுழித்து, சைபர் போடுவார். வேலை முடிந்தது! ஆனால், "எப்படியப்பா போட்டாய்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால்? மீதி 2ஐப் பெருக்கிய பிறகு கூட்டவேண்டும், பையன் பெருக்குவதற்கு முன்னேயே கூட்டிவிட்டான், தவறு அந்த ஓரிடத்தில்தான் என்று கண்டுபிடித்திருப்பார். தறியில் நூல் அறுந்தால் எந்த இழை என்று தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிறோமா, அல்லது துணி முழுவதும் மோசம் என்று கிழித்து எறிகிறோமா?

இதைச் சொன்னதும் சில புத்திசாலிகள் வேறொரு பக்கத்திலிருந்து வருவார்கள். "ஆகா, உழைப்பாளி மகனுக்குக் கையில்தான் புத்தி, அவனுக்கு ஏன் அல்ஜீப்ரா? கைத்தொழில் போதுமே" என்பார்கள். உஷார், தோழர்களே! இது புதுச் சரக்கு அல்ல. 1953ல் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த திட்டம் என்ன? ஆரம்பப் பள்ளியில் ஒரு வேளை படிப்பு, மறு வேளை அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் வைத்து, திராவிட இயக்கத்தாரும் கம்யூனிஸ்டுகளும் எதிர்த்தார்கள். 1954ல் ராஜாஜி பதவி விலகி, காமராஜ் முதல் மந்திரியான பிறகு அது குப்பைக்குப் போயிற்று. வாசல் வழியாக விரட்டியதை ஜன்னல் வழியாக உள்ளே விடக் கூடாது. இவன் பார்த்துப் படிக்கிறவன், அவன் கேட்டுப் படிக்கிறவன், இன்னொருவன் கையால் செய்து படிக்கிறவன் என்று பிள்ளைகளை ஜாதி பிரிக்கிற ஒரு தத்துவமும் இன்று புழங்குகிறது. அப்படிப் பிரித்துப் பாடம் சொன்னால் பலன் அதிகம் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று 2008லேயே அமெரிக்க மனோதத்துவ அறிஞர்கள் ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள்.

தேங்காய்க் கணக்குத் தெரிந்த பிள்ளைக்குக் காகிதக் கணக்கும் வந்தாக வேண்டும். வராவிட்டால் சம்பளச் சீட்டில் பிடித்தம் எவ்வளவு என்று அவன் எப்படிப் பார்ப்பான்? கம்பெனியின் வரவு செலவை யார் படித்துக் காட்டுவது? தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தெரியாததற்கு அழைத்துப் போக வேண்டும். சோவியத் அறிஞர் வைகோட்ஸ்கி, 1934ல் 37 வயதில் காசநோயால் மாண்ட மனிதர், இதைத்தான் சொன்னார். தனியாக விட்டால் இரண்டு பிள்ளைகள் ஒரே அளவுக்குத்தான் கணக்குப் போடலாம். ஆனால் கொஞ்சம் கை கொடுத்தால், ஒருவன் ஒரு படி ஏறுவான், இன்னொருவன் நாலு படி ஏறுவான். நேற்று தெரிந்ததை மட்டும் அளக்கிற பரீட்சை இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதே இல்லை.

நம் ஊரில் என்ன நடந்தது? எட்டாம் வகுப்பு வரை பிள்ளையை ஒரே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2009ல் கல்வி உரிமைச் சட்டம் சொன்னது. 2019ல் டில்லி சர்க்கார் அதைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் வடிகட்ட வழி திறந்தது. தமிழ்நாட்டிலும் அந்த ஆண்டே ஐந்து, எட்டு வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். பத்து வயதுக் குழந்தைக்குப் பொதுத்தேர்வு! பெற்றோரும் ஆசிரியரும் எதிர்த்தார்கள். 2020 பிப்ரவரியில் அறிவிப்பு வாபஸ் ஆயிற்று. 2024 டிசம்பரில் டில்லி தன் கையிலுள்ள பள்ளிகளில் அதே கத்தியை மறுபடி எடுத்தது. நிறுத்தி வைக்கப்படுகிற பிள்ளை எங்கே போவான்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை டியூஷனுக்குப் போவான். நம் பிள்ளை செங்கல் சூளைக்குப் போவான்.

நல்லதும் நடந்திருக்கிறது, மறைப்பானேன்? 2012ல் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை புதுமுறை கொண்டுவந்தார்கள். பருவத் தேர்வுக்கு 60 மார்க். வகுப்பில் அன்றாடம் பிள்ளை பேசுவது, செய்வது, சின்னச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 40. யோசனை நல்ல யோசனை. ஆனால் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைக் கட்டி மேய்க்கிற பள்ளியில் அந்த 40 என்ன ஆகும்? ரிஜிஸ்டரில் பூர்த்தி செய்கிற வேலை ஆகும். அல்லது சார்ட்டும் கலர் பேப்பரும் வாங்கிவரச் சொல்லி அப்பன் சட்டைப்பையைச் சோதிக்கிற பரீட்சை ஆகும்! குற்றம் அந்த வாத்தியாருடையது அல்ல. பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று உட்கார்ந்து கேட்க அவருக்கு நேரம் வேண்டும். நேரம் வேண்டுமானால் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். இது சங்கத்தின் கோரிக்கையாக இருக்க வேண்டும், கூலி உயர்வுக்கு அடுத்த வரியிலேயே.

இன்னொன்று. சில பிள்ளைகள் எழுத்துகளை இடம் மாற்றிப் படிப்பார்கள், எழுதுவார்கள். வாயால் கேட்டால் எல்லாம் சொல்வார்கள், எழுதச் சொன்னால் திணறுவார்கள். இது சோம்பல் அல்ல. மருத்துவச் சான்று வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுத ஆள் உண்டு. பங்களாக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. நம் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்கவேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். "பாஸா, பெயிலா" என்று கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். விடைத்தாளைக் காட்டச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தவறினான், அதைச் சரி செய்ய அடுத்த வாரம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று மரியாதையோடு கேளுங்கள். படிக்கத் தெரியவில்லையே என்று கூச்சப்படுகிற தாய்மார்கள், அடுத்த ஞாயிறு விடைத்தாளைச் சங்க ஆபீசுக்குக் கொண்டுவாருங்கள், பிள்ளையையும் கூட்டிவாருங்கள். நான் இருப்பேன். சேர்ந்து பார்ப்போம்.