கூட்டாது, கூட்டலாகாது: மின்பந்தய விதிநூலில் வினைச்சொற்கள்



மின்னூர்திப் பந்தயத்தின் விதிநூலில் மொழியியலார்க்கு என்ன வேலை என்று மாணவர்கள் வினவலாம். ஓட்டுநர்க்கு எவ்வளவு உரிமை, இயந்திரத்திற்கு எவ்வளவு உரிமை என்பதை அந்நூல் வினைச்சொற்களாலேயே வரையறுக்கிறது. ஆகவே அதனை நாம் இன்று ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம்.

பல்கலைக்கழக மாணவர்கள் தாமே வடிவமைத்துக் கட்டிய ஊர்திகளோடு பங்கேற்கும் ஃபார்முலா எஸ்ஏஇ போட்டி 1981இல் அமெரிக்காவில் தொடங்கியது. அங்கு 2013 முதல் மின்னூர்திகளுக்கெனத் தனிப்பிரிவு நடைபெறுகிறது. மின்கலத் தொகுதியிலிருந்து பெறும் திறன் 80 கிலோவாட்டைக் கடக்கலாகாது என்பது அப்பிரிவின் விதிகளுள் ஒன்று.

பழைய பெட்ரோல் ஊர்தியில் மிதியை அழுத்தினால் கம்பிவடம் இழுபட்டு, எந்திரத்திற்குக் காற்று செல்லும் வழி திறந்தது. மின்னூர்தியிலோ மிதி ஒரு குறிகையை மட்டுமே அனுப்புகிறது. மோட்டார் எவ்வளவு முறுக்குவிசை தரவேண்டும் என்பதை மின்னணுக் கட்டுப்படுத்தி கணிக்கிறது. அவ்வாறாயின் ஊர்தியை ஓட்டுபவர் யார்?

விதிநூல் தெளிவாக விடை தருகிறது. மிதியின் அழுத்தம் ஓட்டுநரின் வேண்டல். அவர் வேண்டிய மொத்த முறுக்குவிசையைக் கட்டுப்படுத்தி குறைக்கலாம், கூட்டலாகாது. சக்கரம் வழுக்கிச் சுழலும்போது விசையைத் தணிக்கும் இழுவைக் கட்டுப்பாட்டுக்கு இதனால் இடமுண்டு. ஓட்டுநர் வேண்டாத வேகத்தை இயந்திரம் தானே தருவதற்கு இடமில்லை.

இதனைத் தமிழில் எழுதும் மாணவர் "கூட்டாது" என்று முடித்தால் என்ன நேரும்? அது இயந்திரத்தின் இயல்பைக் கூறும் செய்தியாகிவிடும். இயந்திரம் கூட்டிவிட்டால் அச்செய்தி பொய்யாகுமேயன்றி, யாரும் விதியை மீறியவர் ஆகார். "கூட்டலாகாது" என்பதே தடை. "குறைக்கலாம்" என்பதிலும் இருபொருள் உண்டு. "நாளை மழை பெய்யலாம்" என்கையில் அவ்விகுதி வாய்ப்பை உணர்த்துகிறது. "நீங்கள் உள்ளே வரலாம்" என்கையில் இசைவை உணர்த்துகிறது. ஐயத்திற்கு இடமாகும் வரியில் "குறைக்க இசைவுண்டு" என்றெழுதுவதே பாதுகாப்பானது.

இன்னொரு விதியையும் காண்போம். மிதியின் நிலையை அளக்கக் குறைந்தது இரண்டு உணரிகள் இருத்தல் வேண்டும். அவற்றின் அளவுகள் மிதியின் முழு நகர்வில் 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டு, அந்நிலை 100 மில்லிநொடிக்கு மேல் நீடித்தால், மோட்டாருக்குச் செல்லும் திறன் உடனே முற்றாக நிறுத்தப்பட வேண்டும். இந்நிலைக்கு ஆங்கில மூலத்திலுள்ள சொல்லைப் "பிழை" என்று பெயர்ப்பது பொருந்தாது. இரு சான்றுகள் முரண்படும்போது எது பிழையென்று கட்டுப்படுத்தி அறியாது. ஆகவே இரண்டையும் நம்ப மறுக்கிறது. "ஒவ்வாமை" எனலாமென்றால், அச்சொல்லை மருத்துவத்துறை முன்னரே எடுத்துக்கொண்டது. "நம்பத்தகாமை" என்பது நீளமாயினும் பொருளைச் சரியாகத் தாங்குகிறது.

அந்த ஊர்தியில் அமர்ந்திருப்பவரும் ஒரு மாணவரே. விதியை எழுதுபவரின் வினைமுற்றை நம்பித்தான் அவர் மிதியில் கால்வைக்கிறார்.

ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றுண்டு. வினைமுற்றுப் பாடம் நடத்தும் நாளில், வீட்டிலுள்ள ஏதேனும் ஒரு கருவியின் பாதுகாப்பு விதிகள் மூன்றைத் தமிழில் எழுதச் செய்யுங்கள். வேண்டும், இசைவுண்டு, ஆகாது ஆகியவற்றுள் எது எங்கே பொருந்தும் என்று வகுப்பிலேயே வாதிடச் சொல்லுங்கள். அறிவியல் தமிழுக்குக் கலைச்சொற்பட்டியல் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது இந்தப் பயிற்சி.